தரிசு என்பது யார் இட்ட பெயர்?

பூவரசங்குளத்தில் என் வீட்டு விறாந்தையில் ஞாயிறுதோறும் பண்டித வகுப்பொன்று நடைபெறுவது வழக்கம். வாரநாட்களிற் கீழைத்தேயக் கல்லூரியிற் கற்பித்துக் களைத்த குரலுக்கு அந்த ஒரு நாளேனும் ஓய்வு கொடுக்கலாகாதா என்று வீட்டார் கேட்பதுண்டு. கேட்பவர் கேட்க, பிள்ளைகள் பாய் விரித்துவிடுவார்கள். அண்மையில் ஒருநாள் அவர்களுக்குத் திணைப் பாகுபாட்டை விளக்கிக்கொண்டிருந்தேன். தொல்காப்பியர் முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல் என நிலம் நான்கே வகுத்தார். நடுவே நின்ற பாலைக்குத் தனி நிலம் வகுத்திலர். மழை பொய்த்து வெம்மை மிகுங்கால் முல்லையும் குறிஞ்சியுமே பாலையாக மாறும் என்பதைச் சிலப்பதிகாரத்துக் காடுகாண் காதை காட்டுகின்றது. ஆகவே தமிழிலக்கணத்தின்படி பிறப்பிலேயே பாழான நிலம் என்று ஒன்று இல்லை. பாழ் என்பது நிலத்துக்கு வந்து நேர்கின்ற ஒரு நிலைமை மாத்திரமே. இவ்வளவையுஞ் சொல்லி ஏட்டை மூடப் போனேன்.

அப்பொழுது மாடு வளர்க்குங் குடும்பத்துப் பிள்ளையொருத்தி எழுந்து நின்றாள். "ஐயா, இலக்கணத்தில் இல்லாத தரிசு நிலம் காணிக் கந்தோர்க் கடதாசியில் மட்டும் எப்படி வந்தது? முத்துநகரில் நெல் விளைந்த காணியைச் சோலருக்குக் கொடுத்தார்களாமே, அதுவும் தரிசோ?" என்றாள்.

வகுப்பிலே உடனே விடைசொல்ல இயலவில்லை. பண்டிதர் என்னும் பட்டம் இவ்வாறான வேளைகளிற் பயன்படுவதில்லை. பின்னர் யோசித்துக் கண்டவற்றையே ஈண்டு எழுதுகின்றேன்.

முத்துநகர் திருகோணமலைப் பட்டினத்தை அடுத்துள்ள ஒரு கமக்காரர் ஊர். அங்குள்ளோர் பல்லாண்டுகளாகச் சிறு குளங்களை நம்பி நெல் விதைத்து வந்தனர். அவர்கள் விதைத்த நிலமோ ஏட்டளவில் இலங்கைத் துறைமுக அதிகார சபைக்குரியது. 2025ஆம் ஆண்டில் அதன் ஒரு பகுதி சூரிய ஒளியால் மின்னாக்குங் கம்பனிகளுக்கு வழங்கப்பட்டபோது கமக்காரர் எதிர்த்தெழுந்தனர். தம் வயல்களில் ஏறக்குறைய 800 ஏக்கர் பறிபோயிற்று என்பது அவர்கள் சொல்லுங் கணக்கு. குளங்களும் தூர்க்கப்பட்டன என்பது அவர்களது முறைப்பாடு. அவர்கள் மாவட்டச் செயலகத்தின் முன்னே சத்தியாக்கிரகம் இருந்தார்கள். வாரக் கணக்கில் இருந்தும் தீராமையால் கொழும்புக்குஞ் சென்று முறையிட்டார்கள். நெல் விளைந்த நிலம் ஆதலால் இதனைத் தரிசு என்று சொல்ல எவருக்கும் நா எழாது. அதனால் அங்கே வேறொரு சொல் வேண்டப்பட்டது. அதுவே "அத்துமீறிய குடியேற்றம்". முன்னைய சொல் நிலத்தைப் பழித்தது. இது நிலத்தில் நிற்பவனைப் பழித்தது. இரண்டும் ஒரே பேனாவிலிருந்து பிறந்தவை என்பதைப் பின்னர்க் காண்போம்.

அதற்கு முன், வாசகருள் எவரேனும் என்னைச் சூரிய மின்னுக்குப் பகைவன் என்று எண்ணிவிடாதிருத்தற்பொருட்டு ஒன்று சொல்லவேண்டும். நான் பாலபண்டித பரீட்சைக்குப் படித்தது ஜாம் போத்தல் விளக்கில். 1990ஆம் ஆண்டு முதற்கொண்டு வடக்கே மின்சாரமும் போய், மண்ணெண்ணெயும் அரும்பொருளாகிவிட்ட காலம் அது. வெறும் போத்தலொன்றிற் சிறிது பஞ்சை இட்டு, அது நனையும் அளவுக்கே எண்ணெய் வார்த்து, சைக்கிள் வால்வினூடே திரியைச் செருகினால் ஓரிரவைக் கழிக்கலாம். செய்தி கேட்கவேண்டுமானால் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து ஒருவர் மிதிக்க, டைனமோவில் வானொலி பாடும். மிதிப்பவர் களைத்தால் செய்தியுந் தேய்ந்துபோம். வன்னியில் வளர்ந்த என் வயதினர் யாவருக்கும் வெளிச்சத்தின் விலை தெரியும். 2022ஆம் ஆண்டு பங்குனி மாத முடிவில் நாடு முழுவதும் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு நிகழ்ந்தபோது தென்னிலங்கையாரும் அதனை ஒருவாறு அறிந்துகொண்டனர். எண்ணெயும் நிலக்கரியும் வாங்க டொலர் இல்லாமற்போன நாடு, வானத்திலிருந்து விலையின்றிப் பொழியும் வெயிலை மின்னாக்க விரும்புவதிற் குற்றமேதுமில்லை. நுரைச்சோலையிலே 900 மெகாவாட் நிலக்கரி நிலையத்தின் சாம்பலைச் சுவாசிப்பவரும் கமக்காரரும் மீனவருமே. ஆதலின் "ஒன்றுங் கட்டாதிருங்கள்" என்று சொல்வதும் ஏதோ ஓர் ஊரின் தலையிலே சுமையை ஏற்றுவதாகவே முடியும். இதனை ஒப்புக்கொண்டே மேற்செல்கின்றேன்.

இனி அந்தப் பேனாவின் வரலாறு. 1840ஆம் ஆண்டிலே பிரித்தானிய ஆட்சியார் இலங்கையில் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தை இயற்றினர். காடாயும் தரிசாயும் ஆட்சியின்றியும் பயிரின்றியுங் கிடக்கும் நிலமெல்லாம், மாறாக நிறுவப்படும்வரை, முடிக்குரியன என்றே கொள்ளப்படும் என்பது அதன் சாரம். ஊரவன் தனதென்று நிறுவவேண்டும். அரசோ எதையும் நிறுவவேண்டியதில்லை. அவ்வாறு முடிக்குரியதாகிய மலைநாட்டுக் காடுகளே கோப்பித் தோட்டங்களாக விற்கப்பட்டன. 1897இல் இதனை இன்னுங் கூர்மையாக்கித் தரிசு நிலக் கட்டளைச் சட்டம் என்ற பெயராலேயே வேறொன்று வந்தது. சட்டத்துக்குப் பெயரே தரிசு! ஆள்வோர் மாறினர், கொடி மாறிற்று, மொழியும் மாறிற்று. ஆயினும் இன்றும் இலங்கையின் நிலத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அரச காணி. 1935இல் வந்த காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் குடியானவருக்கு அனுமதிப்பத்திரம் வழங்க வழிசெய்தது உண்மையே. எனினும் அனுமதி என்னுஞ் சொல்லே, உடையவன் வேறொருவன் என்பதை உணர்த்திவிடுகின்றது. அனுமதிப்பத்திரம் இல்லாதவனை அத்துமீறியவன் என்றும், ஆள் நடமாட்டங் காணாத இடத்தைத் தரிசு என்றும் அழைக்கும் வழக்கு அக்காலத்திலிருந்து வழுவாது வருகின்றது.

அவ்வழக்கில் ஒரு பிழை உண்டு. பிழையென்பது இலக்கணப் பிழையன்று, காலப் பிழை. வன்னியில் மாடு வளர்ப்போர் வழக்கத்தைச் சற்றே பார்த்தால் இது விளங்கும். காலபோகத்துக்கு விதைத்துவிட்டால், கார்த்திகை முதல் அறுவடை முடியும்வரை, பட்டிகள் வயற்பக்கம் தலைகாட்டக் கூடாது. அந்நாட்களில் அவற்றுக்குத் தரவையும் காட்டோரமுமே புகலிடம். அறுவடை முடிந்ததும் அவை ஒட்டுத்தாள் மேய வயலுக்குத் திரும்பிவிடும். எனவே தரவை நிறைந்திருப்பது மாரியில். வெறுமையாகக் கிடப்பது வேனிலில். நிலம் பார்க்க வரும் உத்தியோகத்தர் எப்பொழுது வருவார்? மாரியிலே சேறும் அட்டையும் ஆகையால், வாகனஞ் செல்லும் வேனிலிலேதான் வருவார். வந்து பார்த்துப் புல் கருகிய வெளியைக் கண்டு, "பயன்பாடற்றது" என்று எழுதிக்கொண்டு போவார். அவர் பொய் எழுதவில்லை. கண்டதைத்தான் எழுதினார். வீட்டுக்காரன் வயலுக்குப் போயிருக்கும் வேளையில் வந்து, வீட்டை ஆளில்லாத வீடென்று எழுதுவதைப் போன்றது அது.

குளங்களின் செய்தியும் இத்தகையதே. வவுனியாப் பக்கத்து ஊர்ப் பெயர்களைப் படத்திற் பாருங்கள்: செட்டிகுளம், நேரியகுளம், ஈரற்பெரியகுளம், பூவரசங்குளம். குளத்தை எடுத்துவிட்டால் ஊருக்குப் பெயரே மிஞ்சாது. குளம் என்றால் கட்டும் நீர்ப்பரப்பும் மாத்திரம் என்று பட்டணத்தார் நினைப்பர். கமக்காரனுக்கோ குளத்துக்கு மேலே மழைநீரை ஏந்தித் தரும் காடும், நீர் வற்ற வற்ற வெளிப்படும் அலைகரையும், துருசும், வாய்க்காலும், கீழே வயலும் யாவுஞ் சேர்ந்ததே குளம். ஒரு குளத்தின் மிகைநீர் வான்பாய்ந்து அடுத்த குளத்தை நிறைக்கும். அது நிறைந்து அதற்கடுத்ததை. இலங்கை வறள்வலயத்தின் இந்தத் தொடர்குள அமைப்பை, உலகம் பேணவேண்டிய வேளாண் மரபுகளுள் ஒன்றாக ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் 2017இல் ஏற்றுக்கொண்டது. குளத்தின் மேற்புறத்துக் காட்டை அகற்றி நிலத்தை மட்டப்படுத்தினால், நின்று கசிந்து வரவேண்டிய மழைநீர் விரைந்தோடும். ஓடுங்கால் மண்ணையும் வாரிக்கொண்டுவந்து குளத்தில் இறக்கும். தகடு நாட்டிய இடத்திலே ஒரு வயலும் அழியாதிருக்கலாம். கீழே அரைக் கட்டைத் தூரத்திலுள்ள வயல் அழியும். ஆனால் அவ்வயலுக்குரியவன் அத்திட்டத்தால் பாதிக்கப்பட்டவர் பட்டியலில் இரான்.

பாலையைப் பற்றிப் பேசும்போது ஒன்று நினைவுக்கு வருகின்றது. வன்னியிலே பாலை என்றால் எந்தக் குழந்தையும் மணற்காட்டை நினைக்காது, பழத்தை நினைக்கும். வைகாசி, ஆனியிற் பாலைப்பழம் பறிக்கச் சாக்கும் தடியுமாகக் காட்டுக்குப் போவது இங்கு பெரும் விழா. கரடியும் அதே பழத்துக்கு வரும் என்பதால் கூட்டமாகவே போவார்கள். வறண்ட நிலத்தின் பெயரைத் தாங்கிய மரமே இவ்வளவு இனிப்பைத் தருமாயின், ஏட்டிலே வறள்நிலம் என்று எழுதியதை நம்பி எவரும் ஏமாறலாகாது.

காணிக் கடதாசி குறித்து நான் நடுநிலையாளன் அல்லன் என்பதையும் மறைத்தல் தகாது. என் தமையனாரின் மேட்டுக்காணி இரண்டு ஏக்கர், இடப்பெயர்வின் பின் பல ஆண்டுகள் ஆளின்றிக் கிடந்தது. மீண்டு வந்து பார்த்தபோது பற்றைக்காடு மண்டியிருந்தது. அனுமதிப்பத்திரம் இடம்பெயர்வில் தொலைந்தது. காணிக்குள்ளே ஒரு திணைக்களத்தின் எல்லைக்கல் நின்றது. காடு என்கிறார்கள். அக்காட்டினுள்ளே இடிந்த கிணறும், அண்ணியார் நட்ட தேசிமரமும் நிற்கின்றன. எந்தக் காட்டில் தேசிமரம் தானாக வரிசையில் முளைக்கும்? கேட்டுக்கொண்டேயிருக்கிறோம். யுத்தத்தால் ஊர்விட்டோடியவனின் நிலம், அவன் ஓடியதாலேயே ஆளில்லா நிலமாகி, ஆளில்லாமையாலேயே அரச நிலமாகிவிடும் விந்தை வன்னியில் பல வீடுகளின் கதை.

சம்பூரிலும் இதுவே பெரும் அளவிலே நிகழ்ந்தது. 2006ஆம் ஆண்டு சித்திரையில் எறிகணைக்கும் விமானக் குண்டுக்கும் அஞ்சிச் சம்பூர் மக்கள் ஓடினார்கள். 2007இல் அவர்களின் ஊர் உயர் பாதுகாப்பு வலயமாக்கப்பட்டது. அதன் பின்னர் அங்கே இந்தியாவின் தேசிய அனல்மின் கழகமும் இலங்கை மின்சார சபையுஞ் சேர்ந்து 500 மெகாவாட் நிலக்கரி நிலையம் அமைக்கும் என்றார்கள். மக்கள் முகாம்களிலிருந்தே மண் கேட்டுப் போராடினர்; 2015இன் பின் ஒரு பகுதியினர் திரும்பினர். 2016இல் நிலக்கரித் திட்டம் கைவிடப்பட்டது. ஆயினும் அதற்கென எடுத்த நிலம் ஊருக்குத் திரும்பவில்லை. 2025 ஏப்ரல் 5ஆம் திகதி, இந்தியப் பிரதமர் நரேந்திர மோடியும் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்கவும் கொழும்பிலிருந்தபடியே சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின் நிலையத்துக்குத் தொடக்கம் இட்டனர். கரிக்குப் பதில் கதிர் வந்தது நல்லதே. ஆனால் சம்பூர்க் கமக்காரனின் கண்ணுக்கு அவ்விரண்டும் ஒரே வேலிக்குள் இருக்கின்றன. எரிபொருள் மாறிற்று, வேலி மாறவில்லை. கிளிநொச்சி மாவட்டத்திலே பூநகரிக் குளத்தைச் சார்ந்து 700 மெகாவாட் சூரிய மின் திட்டம் ஒன்றுக்கு 2023இல் அமைச்சரவை இணங்கிற்று. இலங்கையில் அதுகாறும் பேசப்பட்ட சூரிய மின் திட்டங்களுள் அதுவே பெரிது எனப்பட்டது. பத்திரிகைச் செய்திகளில் டொலர்க் கணக்கு விரிவாக வந்தது. மாடு எங்கே நீர் குடிக்கும் என்பது வரவில்லை.

இது நம் நாட்டுக்கு மாத்திரம் உரிய நோயன்று. தமிழ்நாட்டில் இராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதியிலே, ஏறத்தாழ 2,500 ஏக்கர் பரப்பில் 648 மெகாவாட் நிலையமொன்றை அதானி குழுமம் எட்டே மாதத்திற் கட்டி 2016 செப்டெம்பரில் முடித்தது. ஒரே இடத்தில் அமைந்தவற்றுள் உலகிலேயே பெரிது என்று அப்பொழுது புகழப்பட்டது. கமுதி மழை குறைந்த சீமை. சீமைக்கருவேல் அடர்ந்த கரம்பு நிலம். ஆகவே எவருக்கும் நட்டமில்லை என்றே வெளியார் எண்ணினர். ஆனால் அச்சீமைக்கருவேலை வெட்டி மூட்டம் போட்டுக் கரி சுடுவது இராமநாதபுரத்து ஏழைகளின் தொழில். அக்கரம்பு ஆட்டுக்கு மேய்ச்சல். நிலம் விற்றவர் சிலர் பணம் பெற்றனர். கரி சுட்டவரும் ஆடு மேய்த்தவரும் விற்பதற்கு ஒன்றும் இல்லாதவர் ஆதலின் ஒன்றும் பெற்றிலர். தகடுகளைக் கழுவ எடுக்கும் நிலத்தடி நீரைப் பற்றியும் ஊரார் குறைசொல்லினர்.

இராசத்தானத்து ஜெய்சல்மேரில் நிகழ்ந்தது இன்னும் வியப்புக்குரியது. அங்கே ஊர்த்தெய்வத்துக்கென விட்ட காட்டுவெளிகளுக்கு ஓரண் என்று பெயர். மரத்தில் கோடரி படக்கூடாது; ஒட்டகமும் ஆடும் மேயலாம். நூற்றாண்டுகளாக இவ்வாறு காத்த நிலம் பல, வருவாய்த்துறை ஏட்டிலே தரிசு என்று பதியப்பட்டிருந்தன. ஏடு தரிசு என்றதால் சூரிய, காற்று மின் கம்பனிகளுக்குக் கொடுத்தார்கள். மக்கள் ஓரண் காக்க நடைப்பயணம் போனார்கள். தமிழ்நாட்டிலும் முற்காலத்தில் வாழ்ந்து அற்றுப்போன கானமயில் என்னும் பெரும் பறவைக்கு அவ்வெளிகள் கடைசிப் புகல்களுள் ஒன்று. மின்கம்பியில் மோதி அது சாகின்றது என்று வழக்கும் நடந்தது. 2021இல் கம்பிகளை நிலத்தின்கீழ்ப் புதைக்குமாறு பணித்த இந்திய உயர்நீதிமன்றம், 2024 மார்ச்சில் அக்கட்டளையைத் தளர்த்தியது. ஆனால் அவ்வாண்டு டிசெம்பரிலே, இராசத்தானத்து ஓரண்களை அளந்து படமிட்டு வனமென்று வகுக்கவேண்டும் என அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏட்டிலிருந்து ஒரு சொல்லை அழித்து வேறொரு சொல்லை எழுதவேண்டும் என்று மக்கள் போராடியதும், அதற்காக நாட்டின் தலைமை நீதிமன்றம் வரை போகவேண்டியிருந்ததும் சொல்லாராய்ச்சி செய்வோர் கவனிக்கத் தக்கவை.

நல்ல எடுத்துக்காட்டு ஒன்றும் இல்லையோ எனின், உண்டு. முழுதும் நல்லது என்று சொல்லமாட்டேன். கர்நாடகத்துத் தும்கூர் மாவட்டத்தில் பாவகடா என்னும் வறண்ட தாலுகா. அங்கே ஐந்து ஊர்களில் ஏறத்தாழ 13,000 ஏக்கரில் 2,050 மெகாவாட் சூரியப் பூங்கா 2019இல் நிறைவெய்தியது. அரசு அந்நிலத்தை விலைக்கு வாங்கவில்லை; பறிக்கவும் இல்லை. ஏக்கருக்கு ஆண்டொன்றுக்கு 21,000 இந்திய ரூபா, ஈராண்டுக்கொருமுறை நூற்றுக்கு 5 ஏற்றம் என்று குத்தகை பேசி எடுத்தது. நிலம் கமக்காரன் பெயரிலேயே நின்றது. மழையை நம்பிக் கடன்பட்டவன் ஆண்டுதவறாத வருவாயைக் கண்டான். இதனை யான் மெச்சுகின்றேன். ஆனால் அவ்வூர்களில் நிலமில்லாக் கூலியாள் இருந்தான், ஆட்டிடையன் இருந்தான். குத்தகைப் பணம் உறுதி உள்ளவன் கைக்கே போயிற்று. களையெடுப்பும் அறுவடையும் ஒழிந்தபோது கூலியும், வேலி வந்தபோது மேய்ச்சலும் ஒழிந்தன. உறுதிக்காரனின் சம்மதம் ஊரின் சம்மதம் ஆகாது என்பதற்குப் பாவகடா சான்று. வன்னியிலோ உறுதியே அருமை. இங்கே பாவகடா முறையை அப்படியே கொண்டுவந்தால் குத்தகை வாங்குவது யார்? அரசே அரசுக்குக் குத்தகை கட்டிக்கொள்ளும்!

மேற்காட்டிய கணக்குகளை வகுத்துப் பார்த்தால், ஒரு மெகாவாட்டுக்கு நாலு ஏக்கர் முதல் ஆறு ஏக்கர் வரை நிலம் வேண்டும் என்பது தெரிகின்றது. நூறு மெகாவாட் என்றால் ஒரு சிற்றூரின் வயல் முழுதும் அதற்குள் அடங்கிவிடும். 2030க்குள் மின்னில் நூற்றுக்கு 70 பங்கைப் புதுப்பிக்கத்தக்க வழியால் ஆக்குவது என்று இலங்கை கூறியிருந்தது. ஆகவே கேள்வி தீரப்போவதில்லை. இன்னும் பல ஊர்களுக்கு வரும். அவ்வாறாயின் இடம் வேறேங்கும் இல்லையா என்று கேட்பது நியாயமே.

இதிலே ஒரு நகைச்சுவையும் அடங்கியிருக்கின்றது. 2016இலே அரசு வீட்டுக் கூரைகளில் சூரியத் தகடு வைக்குமாறு மக்களை ஊக்கிற்று. மக்களும் கடன்பட்டு வைத்தார்கள். கூரைகளின் ஆற்றல் 1,000 மெகாவாட்டைக் கடந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிறு நண்பகலில் நாடு முழுதும் இருண்டது. பாணந்துறை உபமின் நிலையத்திற் குரங்கொன்று பாய்ந்ததே காரணம் என்றார் அமைச்சர். குரங்கின்மேற் பழி முழுவதையுஞ் சுமத்துதல் முறையன்று என்பது போல, விடுமுறை நாளில் மின் தேவை குறைந்து கூரை மின் மிகுந்திருந்தமையால் வலைப்பின்னல் தள்ளாடியது என்று மின்சார சபை பின்னர் விளக்கிற்று. அதனால் அவ்வாண்டுச் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், ஏப்ரல் 13 முதல் 21 வரை, பகல் 3 மணி மட்டும் கூரைத் தகடுகளை அணைத்துவைக்குமாறு சபை வீட்டுக்காரரை வேண்டிக்கொண்டது. நண்பகலில் மின் மிஞ்சுகின்றது, இரவில் முட்டுப்படுகின்றது. பகல் மின்னைச் சேமித்துவைக்கும் மின்கலமே பற்றாக்குறை. வெயிலைப் பிடிக்க இடம் போதாதென்பதன்று இந்நாட்டின் முதல் இடர்ப்பாடு. கூரையில் உள்ளதையே அணைக்கச் சொல்லிய அவ்வாண்டிலேயே முத்துநகர் வயலிலிருந்து கமக்காரனை எழுந்துபோகச் சொன்னார்கள். இவ்விரு செய்திகளையும் ஒரே பத்திரிகையில் வாசித்தவர் என்னைப்போற் பலர் இருப்பர்.

பெருந்திட்டங்கள் வேண்டாம் என்பதற்கு இதனைச் சான்றாக்கமாட்டேன். பட்டணத்துக் கூரை அவ்வளவும் வைத்தாலும் ஆலைகளுக்குப் போதாது. கம்பனிக்கு ஓரிடத்தில் நிரையாக நட்டால் செலவு குறையும் என்பதும் உண்மை. அச்செலவு எதனாற் குறைகின்றது என்று கேட்கவேண்டும். ஓரளவு பொறியியலால் குறைகின்றது. ஓரளவு நிலத்தின் விலை ஏட்டிலே பூச்சியம் என்றிருப்பதாற் குறைகின்றது. பட்டி மாறும் தரவைக்கும் குளத்து மேற்காட்டுக்கும் விலையிட்டுக் கணக்கில் ஏற்றினால், மலிவு என்று சொல்லப்பட்ட மின் அவ்வளவு மலிவன்று என்பது வெளிப்படலாம். யப்பானிலே 2013 முதல் கமக்காரர் வயலுக்கு மேலே உயரத்திற் தகடு நிறுத்தி, கீழே பயிரிடவும் அனுமதிக்கின்றார்கள். பயிர் குன்றினால் அனுமதி பறிபோம். சட்டகம் உயர உயரச் செலவும் உயரும். அச்செலவையே நாம் இங்கு கமக்காரனிடமிருந்து அறவிடுகின்றோம், ரசீது மாத்திரங் கொடுப்பதில்லை.

எப்பொழுது கேட்பது என்பதும் பெரிது. மன்னாரிலே தம்பபவனி என்னும் 103.5 மெகாவாட் காற்றாலை 2020 டிசெம்பரில் திறக்கப்பட்டது. முப்பது கோபுரங்கள் ஒரு சிறு தீவின் கரையில் நின்றன. மேலுங் கோபுரங்கள் வரும் என்றபோது, வெள்ளம் வடியாமை பற்றியும் மீன் அகல்வது பற்றியும் வலசைப் பறவைகள் பற்றியும் மக்கள் முறையிட்டனர். அதானி நிறுவனம் மன்னாருக்கும் பூநகரிக்குமாக எண்ணிய 484 மெகாவாட் காற்றுத் திட்டத்திலிருந்து 2025 பெப்ரவரியில் தானே விலகிற்று. ஆயினும் வேறு கோபுரங்களின் உறுப்புகள் வந்திறங்கின. 2025 ஓகஸ்டிலே மக்கள் வீதிக்கு வந்தார்கள், ஜனாதிபதி ஒரு மாதம் நிறுத்தி வைத்தார், மாதம் முடிந்ததும் வேலை தொடங்கிற்று, செப்டெம்பர் இறுதியில் இரவில் பொலிசாருடன் கைகலப்பு, பின்பு கடையடைப்பு. அத்திட்டங்களின் நன்மை தீமை ஒருபுறமிருக்க, உறுப்புகள் வந்திறங்கிய பின் ஊரைக் கேட்பது, தாலி கட்டிய பின் பெண்ணின் சம்மதங் கேட்பதற்கு ஒப்பாகும்.

ஊரைக் கேட்பதாயின், ஊர் தன் நிலத்தை எப்பெயர்களால் அழைக்கின்றது என்பதை முதலிற் கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றிற்று. ஏனெனில், தரவை என்றும் அலைகரை என்றும் மேட்டுக்காணி என்றும் சேனை என்றும் ஊர் பிரித்தறிகின்ற ஒவ்வொன்றும் ஒவ்வொரு தொழிலும் ஒவ்வொரு பருவமும் உடையது. ஏட்டிலே அவை யாவும் ஒரே சொல்லாய் நிற்கின்றன. அடுத்த ஞாயிறு வகுப்பில் இலக்கணத்தை ஒதுக்கிவைத்து, மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் ஊரைச் சுற்றியுள்ள நிலத்துண்டுகளின் பெயர், அங்கே எந்த மாதத்தில் என்ன நடக்கும், உரியவர் யார் என்று மூன்று நிரலில் எழுதிவரப் பணித்தேன். முதலிரண்டு நிரலுக்கும் வீட்டிலுள்ள முதியோரைக் கேட்டு வரவேண்டும் என்றேன்.

கேள்வி கேட்ட பிள்ளையே நிறைய எழுதிவந்தாள். பதினேழு பெயர்கள். அவளுடைய பேத்தியார் சொல்லியவை என்றாள். சிலவற்றை, இவ்வூரிலேயே வாழும் நான் அறிந்திருக்கவில்லை. மாதங்களையும் பிசகின்றி எழுதியிருந்தாள்: எங்கே மாரியில் பட்டி அடைப்பது, எங்கே பாலைப்பழம், எங்கே கூரைக்கு இலுக்கு அறுப்பது, வேனிலிற் கடைசியாக வற்றும் மடு எது என்று. மூன்றாம் நிரலில் மாத்திரம், பதினேழில் பன்னிரண்டுக்கு நேரே வெறுமையாக விட்டிருந்தாள். ஏன் பிள்ளை நிரப்பவில்லை என்று கேட்டேன்.

"பேத்தி சொல்லுறா, அது எல்லாருக்குமெண்டு. கிராம அலுவலரைக் கேட்டன், அது அரசாங்கத்துக்கெண்டார். எதை எழுதுறதெண்டு தெரியேல்லை ஐயா," என்றாள்.

நானும் அதனை நிரப்பவில்லை. அக்கொப்பி இன்னும் என் மேசையிற் கிடக்கின்றது.